பாடம் நம்ம தெருவில்தான் கிடக்கிறது

பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் எங்கள் காலனி மாலை வகுப்பில் வேதியியல் செய்முறை நோட்டு எழுதிக்கொண்டிருந்தான். உப்புப் பகுப்பாய்வு. அமிலம் ஊற்றினால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும், லெட் அசிட்டேட்டில் நனைத்த தாளை அது கறுப்பாக்கும், அப்படியானால் சல்ஃபைடு. வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுதான். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணா, எங்க மாமா செப்டிக் டேங்க் கழுவுற வேலைக்குப் போறாரு. மூடியத் தொறந்து வெச்சிட்டு நிப்பாராம். நாத்தம் இருக்கிற வரைக்கும் கேஸ் இருக்குது, நாத்தம் நின்னுட்டா கேஸ் போயிடிச்சு, எறங்கலாம்னு சொல்றாரு. அது சரியாண்ணா?”

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் கிப் உபகரணத்துக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் நின்று அதே வாயுவை முகர்ந்தவன். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, மாமா நம்பிக்கொண்டிருப்பது தலைகீழ் என்று. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறினாலே மூக்கு மரத்துப்போகத் தொடங்கும். நாற்றம் நிற்கிறது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 500, 1000 பங்கு என்று ஏறினால் ஆள் சில மூச்சிலேயே விழுந்துவிடலாம். காற்றைவிடக் கிட்டத்தட்ட 1.2 மடங்கு கனமான வாயு அது. மூடியைத் திறந்து வைத்தாலும் அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறும்போது குபுக்கென்று கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிற வழக்கமும் காப்பாற்றாது. குச்சி எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியலாம், இந்த நஞ்சு இருப்பது தெரியாது. மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். விழுந்தவரைத் தூக்க அவசரமாக இறங்குகிற தம்பியும் மகனும் அதே காற்றைத்தான் இழுப்பார்கள். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பேப்பரில் சாவுச் செய்தி வருவது இதனால்தான்.

அடுத்த வாரம் மாமாவையும் வகுப்புக்கு வரச்சொன்னோம். படம் போட்டு விளக்கியது அந்தப் பையன்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துச் சொன்னோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குகிறவனுக்கு முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத்தினி வருசத்துல ஒருத்தன் சொல்லலியேப்பா” என்றார். வேலையை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். விடுவதற்கு வேறு வேலை வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் லாரி வைத்து உறிஞ்சினால் வருவேன், இறங்க மாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்கிறார்.

நான் படித்த புத்தகத்தில் நாற்றம் இருந்தது. சாவு இல்லை. அந்தச் சாவு யாருக்கு வருகிறதோ அவர்களுடைய பிள்ளைக்கே அது பாடத்தில் இல்லை. இதிலிருந்துதான் நான் பேச வேண்டியிருக்கிறது.

*

ஆசிரியர் பயிற்சியில் ‘கற்பித்தல் துணைக்கருவி’ என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். வாத்தியார்கள் பேச்சில் அது டி.எல்.எம். தெர்மாகோலில் எரிமலை, சார்ட்டில் கண்ணின் அமைப்பு, கடையில் வாங்கின உலக உருண்டை. இப்போது பாடப்புத்தகத்திலேயே க்யூ.ஆர். கோடு அச்சடித்து வருகிறது, போனைக் காட்டினால் படம் ஓடும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் கறுப்புக் கட்டம்.

நம்ம தோழர்கள் நடத்துகிற இரவுப் பள்ளிகளில், மாலை வகுப்புகளில் எல்லா இடத்திலும் ஒரே புலம்பல்: “சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கு, பொருள் இல்ல.” புலம்பலில் பாதி உண்மை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றில் ஆய்வுக்கூடம் இல்லை. இருந்தாலும் பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறக்க வைக்க வேண்டியது போராட்டம். சிறப்பு உட்கூறு நிதி எங்கே போனது என்று கணக்குக் கேட்பதும் போராட்டம். நான் கீழே சொல்லப்போகிற எதையும் “அதான் நீங்களே பொருள் சேர்த்துக்கிட்டீங்களே” என்று அரசு தன் கடமையிலிருந்து நழுவப் பயன்படுத்த விடக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றப் பாதி பொய். பொருள் இருக்கிறது. அதைப் பாடப்பொருள் என்று நாம் மதிப்பதில்லை. எது அறிவு, எது அறிவில்லை என்று கோடு கிழித்தவன் யார்? வீணைத் தந்தியின் அதிர்வு இயற்பியல். பறைத்தோலின் அதிர்வு சாவுக்கூத்து. ஆயுர்வேதம் மருத்துவம், சேரியில் பிரசவம் பார்த்த கிழவியின் கைப்பழக்கம் ‘மூடத்தனம்’. இந்தக் கோட்டை பார்ப்பனியம் கிழித்தது. அழியாமல் காவல் காப்பது யார்? பி.எட். முடித்துவிட்டு சேரிக்கு வெளியே வாடகைக்கு வீடு தேடுகிற நாமும்தான்.

தமிழக அரசுப் பாடநூலின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சிட்டிருக்கும். எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு வருகிற பக்கங்களில் தீண்டப்படாதவன் கையால் என்ன செய்தான், என்ன கண்டுபிடித்தான், எதை அளந்தான், எதைப் பாடினான்? பாவப்பட்டவனாக மட்டுமே உள்ளே விடப்படுகிறவனை எந்தப் பிள்ளை தன் தாத்தா என்று சொல்லிக்கொள்ளும்?

*

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நம்ம பிள்ளைகள் அதிகமாகத் தோற்பது அதில்தான்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு நாள் அவரவர் வீட்டுமனைப் பட்டாவை எடுத்து வரச்சொன்னோம். பெரும்பாலும் 3 சென்ட். அதாவது 1,306.8 சதுர அடி. டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி தன் வீட்டை அளந்தாள். 38 அடிக்கு 27½ அடி. பெருக்கிப் பார்த்தால் 1,045. கிட்டத்தட்ட 2.4 சென்ட். தப்பாகப் பெருக்கிவிட்டோம் என்று மூன்று தடவை போட்டாள். கணக்கு சரி, மனைதான் குறைந்தது. மீதி அரை சென்டுக்கு மேல் எங்கே போச்சு? பின்பக்கத்து வேலியைப் பார்த்தால் தெரிகிறது. அவள் அம்மா அந்தத் தாளோடு வி.ஏ.ஓ.விடம் போனார். மனு கொடுத்தாயிற்று. சர்வேயர் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பொண்ணுக்குப் பரப்பளவுக் கணக்கு இனிமேல் சாகிற வரைக்கும் மறக்காது.

அடுத்த படி, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். சர்வேயர் ஒரு கோணல்மாணலான வயலை எப்படி அளக்கிறார்? மூலைக்கு மூலை கோடு போட்டு முக்கோணங்களாக வெட்டுகிறார். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி. எல்லாவற்றையும் கூட்டினால் வயல். உயர்நிலைப் பள்ளி வடிவக்கணக்கு முழுக்க அந்த ஒரு தாளில் இருக்கிறது. நம்ம அப்பன் தாத்தனை ஏமாற்றியதும் அந்த ஒரு தாளில்தான். அதைப் படிக்கத் தெரியாததால் எத்தனை ஏக்கர் கைமாறியிருக்கிறது!

இங்கேயே வரலாறும் வந்துவிடுகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. சொல்லிச் சொல்லி அந்த எண் ஒரு முழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிசு என்று தெரியாது. கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 247 ஏக்கர். வகுத்தால் 4,850 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆக, பதினோரு சென்னை! விடை வந்ததும் வகுப்பு ஒரு நிமிஷம் பேசவில்லை. 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் எதற்காகப் போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் நின்று உயிர்விட்டார்கள் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

அறிவியலுக்கு வருவோம். ஒலி பாடத்துக்கு இசைக்கவை இல்லையா? பறை இருக்கிறது.

மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இரும்புத் தகட்டால் பிணைத்த வட்டம். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டின தோல். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, இன்னொரு கையில் குட்டையான தடித்த குச்சி. அடிக்கிறதுக்கு முன்னால் தீயில் காய்ச்சுகிறோம். ஏன்? தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிறது, தோல் சுருங்குகிறது, இழுவிசை கூடுகிறது, அதிர்வெண் ஏறுகிறது. மழைநாளில் பறை ஏன் ‘தொப்பு தொப்பு’ என்கிறது? அதே கணக்கைத் திருப்பிப் போடு. குச்சி மெலிந்தால் ஓசை ஏன் மாறுகிறது? நடுவில் அடிப்பதற்கும் ஓரத்தில் அடிப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு பறையும் வைக்கோல் தீயும் இருந்தால் ஒரு வாரம் இயற்பியல் நடத்தலாம்.

மிருதங்கம், தபலா தோல்களில் சுரங்கள் எப்படி ஒத்து வருகின்றன என்று சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதினார். நல்லது. அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, வெட்டி, வார் இழுத்து, சுருதிக்குக் கொண்டுவந்தவர் யார்? பெரும்பாலும் தலித்துகள்; தமிழகத்தில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் பல. 2020இல் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாசித்தவன் வித்வான், ஆராய்ந்தவன் விஞ்ஞானி, செய்தவன்? அவனுக்குப் பெயர் கிடைக்க நூறு வருஷமாகியிருக்கிறது. அதையும் எழுதியது நம்ம ஆள் இல்லை என்பதை மாணவத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

எங்களுடையது பாலாற்றங்கரை. தோல் ஷாப்பு வேலை எங்கள் ஊர்களின் வயிற்றுப்பிழைப்பு, நோயும்கூட. பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டால் மயிர் கழன்றுவரும்: காரத்தின் வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஏன்? அவற்றிலுள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் நிறுத்துகிறது. அப்புறம் குரோமியம் உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாளாகச் சுருங்கியது. லாபம் ஏறியது, ஆறு செத்தது. 1996இல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அமிலம், காரம், புரதம், உலோக உப்பு, நீர் மாசு, சட்டம் – பத்தாம் வகுப்பு வேதியியலில் பாதி எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. ஆனால் என் வாத்தியார் எவரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி “அதோ பார்” என்று சொன்னதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்கள்தான்.

*

இலக்கியத்துக்கும் கலைக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்பில் இரண்டும் பிரியவில்லை.

எங்கள் இலக்கிய வகுப்புக்கு நாங்கள் எடுத்த முதல் பாடம் அண்ணல் அம்பேத்கர் எழுதிய ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’. 1930களில் எழுதி வைத்தது, அவர் மறைவுக்குப் பிறகு 1990இல் தனிப் புத்தகமாக வந்தது. சிலையாக, கோட்டும் கையில் புத்தகமுமாக நிற்கிற அம்பேத்கரை நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். இதில் ஒன்பது வயசுப் பையன் வருகிறான். 1901. அப்பாவைப் பார்க்கச் சதாராவிலிருந்து அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் புதுத்துணி உடுத்தி ரயில் ஏறுகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் இல்லை. என்ன சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிப்போக வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். ராத்திரியில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணி தருவாரில்லை.

இதைப் படித்துவிட்டு ஒரு பையன் கேட்டான்: “சோறு இருக்குதில்லண்ணா, ஏன் துன்னல?” அப்புறம் ஆளுக்கு ஒரு கை உலர்ந்த அவல் கொடுத்துத் தண்ணீர் இல்லாமல் மென்று பார்க்கச் சொன்னோம். உமிழ்நீர் பாடம் அங்கே நடந்தது. மகாராஷ்டிரப் படத்தில் சதாரா, மசூர், கோரேகாவ் தேடினோம்: புவியியல். அப்புறம் அவரவர் போன ஒரு பயணத்தை எழுதச் சொன்னோம். யாரும் சாதி பற்றி எழுதச் சொல்லவில்லை. எழுதியதில் பாதிக்கு மேல் தண்ணீர் பற்றித்தான் இருந்தது.

இதே கதைகளை வைத்து 2011இல் நவயானா பதிப்பகம் ‘பீமாயனா’ என்ற படக்கதை கொண்டுவந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்கிற கோண்டு பழங்குடி ஓவியர்கள். அவர்கள் கட்டம் கட்டி வரையவில்லை. சாதிவெறிப் பேச்சு வருகிற இடத்தில் பேச்சுக் குமிழுக்குத் தேளின் கொடுக்கு. அன்பான பேச்சுக்குப் பறவை வடிவம். இதைக் காட்டிவிட்டு, நம்ம ஊர் டீக்கடைப் பேச்சுக்கு எந்தக் குமிழ் போடுவீங்க என்று கேட்டோம். வண்ணப் பென்சில் ஒரு பெட்டி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். ஓவிய வகுப்புக்கு ஆன மொத்தச் செலவு அதுதான்.

யாப்பும் அணியும் நடத்த வேண்டுமா? ஒப்பாரி பாடுகிற பாட்டியைக் கேளுங்கள். எதுகை, மோனை, உவமை, அடுக்கு எல்லாம் அவர் நாக்கில் நிற்கிறது. ஒன்று கவனம்: சாவு இல்லாத வீட்டுக்குள் பாட மாட்டேன் என்பார். கட்டாயப்படுத்தக் கூடாது. எங்கள் பாட்டி ஒருத்தர் ஏரிக்கரைக்கு வரச்சொல்லிப் பாடினார். “இதையும் நோட்ல எழுதிக்கிறீங்களா?” என்று அவர் சிரித்த சிரிப்பில் ஆச்சரியமும் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

நம் முன்னோடிகளின் எழுத்து கிடைக்கவில்லை என்று இன்னும் சொல்ல முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1914இல் சாகும்வரை எழுதினார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் 1999இலிருந்து அச்சில் வந்திருக்கின்றன. சித்த மருத்துவராகவும் இருந்தவர். வரலாறு, சமயம், மொழி என்று அந்தத் தொகுதிகளில் இல்லாதது குறைவு. அம்பேத்கரின் பேச்சும் எழுத்தும் தமிழில் தொகுதி தொகுதியாக இருக்கிறது. எல்லாம் அலமாரியில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கப் பாடமாக அதில் எதையாவது மாற்றினோமா? 1991 அம்பேத்கர் நூற்றாண்டிலிருந்து நாம் அடித்த துண்டறிக்கைகளைக் குவித்தால் ஒரு கூரை உயரம் வரும். பாடம்?

*

இனி எதிர்க்கேள்வி. ஒரு தோழர் என்னிடம் முகத்துக்கு நேராகக் கேட்டார்: “பறை, தோலு, மலக்குழின்னு திரும்பத் திரும்ப அதுக்குள்ளாறயே புள்ளைங்கள வெச்சிருக்கப் போறியா? ராஜாஜியோட குலக்கல்விக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்பில் நாடு கொதித்தது, 1954இல் காமராஜர் ஆட்சியில் அது ஒழிந்தது. பறையைக் கொளுத்துவதா, அதையே கலகக் குரலாக்குவதா என்று நம் ஆட்களுக்குள் நடந்த சண்டையும் இதே கேள்வியிலிருந்து வந்ததுதான். நான் அந்தத் தோழரை ஒதுக்க மாட்டேன். அவர் பயம் என் பயமும்.

நான் கண்ட வித்தியாசம் இது: தோல் பதனிடக் கற்றுக்கொடுத்தால் அது குலக்கல்வி. தோல் ஏன் அழுகாமல் நிற்கிறது என்று கற்றுக்கொடுத்தால் அது வேதியியல். முதலாவது பிள்ளையை ஷாப்புக்குள் தள்ளும். இரண்டாவதைப் படித்தவன் ஷாப்பு முதலாளியிடம் கையுறை கேட்பான், ஆற்றுநீரைப் பரிசோதிப்பான், வழக்குப் போடுவான், வேறு வேலைக்கும் போவான். மலக்குழியின் வாயுவைப் படித்த பையன் அந்தக் குழியில் இறங்கப் போவதில்லை. மாமாவையும் தடுக்கிறான்.

ஆனாலும் இதில் குழி இருக்கிறது. நானே விழுந்தேன். ஆரம்பத்தில் ஒரு நாள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்த ஒரு கோடை முகாமில், “உங்க அப்பா செய்யுற வேலையில என்ன அறிவியல் இருக்கு, சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் மகன் எழுந்து சொன்னான். டிரைவர் மகள் சொன்னாள். எங்கள் காலனிப் பையன் எழுந்து நின்றான். தலையைக் குனிந்தான். “எங்கப்பா வெளியூர்ல இருக்காரு” என்றான். அவன் அப்பா அன்றைக்குக் காலையில்கூட எங்கள் தெருச் சாக்கடையை அள்ளியவர். மறுநாள் அவன் முகாமுக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் படித்த காலத்தில் சாதி தெரிந்துவிடுமோ என்று மற்றப் பையன்களோடு சேராமல் ஒதுங்கியதை இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த நானே, நூறு வருஷத்துக்கு அப்பாலும் ஒரு பிள்ளையை அதே இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் மூன்று விதி வைத்துக்கொண்டோம்.

ஒன்று: பொருளை வகுப்புக்குள் கொண்டுவா, பிள்ளையைப் பொருளாக்காதே. எந்தப் பிள்ளையிடமும் வீட்டுத் தொழில், வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சாமி பற்றிப் பலர் முன்னால் கேட்கக் கூடாது. அதுவாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு: இந்தப் பாடம் சேரிக்கு மட்டுமான பாடம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். சொல்லப்போனால் அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும். தன் வீட்டுக் கழிவு எங்கே போகிறது, யார் மூச்சில் போகிறது என்று தெரியாத பிள்ளை என்ன வேதியியல் படித்து என்ன?

மூன்று: சொல்லித்தர வருகிற பெரியவர் வாத்தியார். அவருக்கு நாற்காலி, மரியாதை, கூலி. பறை சொல்லித்தர வந்த பெரியவர் முதல் நாள் நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளும் நாங்களும் நின்றுகொண்டே இருந்தோம். கால் மணி நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார். அவர் இழக்கிற ஒரு நாள் கூலியை நன்கொடை பிரித்தாவது கொடுக்கிறோம். ‘கலைச்சேவை’ என்று இலவசமாக வாங்குவதும் வெட்டிதான்.

*

கடைசியாக ஒரு வேலை. மாணவத் தோழர்களுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு பாடம் தயார் பண்ணுங்கள். நாலு பக்கம் போதும். எந்த வகுப்பு, அந்த வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பாடத்தோடு சேரும், என்ன பொருள் வேண்டும், எவ்வளவு செலவு, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள், பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் – இவ்வளவும் இருக்கட்டும். அரசுத் தேர்வில் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் வாங்கித்தரவும் அது உதவ வேண்டும். நம்ம பிள்ளைக்கு மார்க் வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை.

கடலோரத் தோழர்கள் வலையையும் காற்றையும் எழுதுங்கள். டெல்டாத் தோழர்கள் மரக்கால், படி, கூலிக் கணக்கை எழுதுங்கள்; கூலியில் அரைப்படி கூடக் கேட்ட போராட்டத்தில்தான் 1968 கீழ்வெண்மணியில் 44 உயிர் எரிந்தது, அந்த அரைப்படி ஒரு வருஷத்துக்கு எவ்வளவு நெல் என்று நம்ம பிள்ளைகள் கணக்குப் போடட்டும். நடவுக்குப் போகிற அம்மாக்களிடம் களையின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள், தாவரவியலில் வைக்கலாம். நகரத்துத் தோழர்கள் சாக்கடை வரைபடத்தை எழுதுங்கள். சொந்த அனுபவத்தில் தோற்றதையும் எழுதுங்கள், நான் அந்தப் பையனை எழுப்பி நிறுத்தியதைப்போல. தோற்றது அடுத்தவருக்கு உதவும்.

எழுதி இதழுக்கு அனுப்புங்கள். நூறு பாடம் சேரட்டும். சேர்த்து அச்சடிப்போம், இரவுப் பள்ளிகளுக்குக் கொடுப்போம், அரசுப் பள்ளி வாத்தியார்களின் மேஜையிலும் போடுவோம். எங்கள் பங்குக்கு முதல் பாடம் தயார்: ஹைட்ரஜன் சல்ஃபைடு. எழுதியவன் அந்தப் பிளஸ் டூ பையன். சரிபார்த்தவர் அவன் மாமா.